கொடியில் இல்லாத கையுறை

காலையில் சோபாவிலிருந்து எழுந்ததும் பாலை அடுப்பில் வைப்பான். பால் காய்வதற்குள் பல் துலக்கிவிடுவான். பிறகு பின்பக்கத்து பால்கனிக்குப் போய்த் துணிக்கொடியைப் பார்ப்பான். கொடியில் இரண்டு கவ்விகள், எதையும் கவ்வாமல் நிற்கும். உள்ளே வந்து சலவை இயந்திரத்தின் மூடியைத் திறந்து கையை விட்டுத் துழாவுவான். அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்ப்பான். குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கியைப் பார்ப்பான். படுக்கையறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பான். அந்த அறைக்குள் அவன் போவது அதற்கு மட்டும்தான். அதற்குள் பால் பொங்கி வரும். ஓடிப்போய் அணைப்பான். காப்பி கலந்து நின்றபடியே குடிப்பான். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவான்.

தேடுவது ஒரு ஜோடிக் கையுறையை. வெள்ளைப் பருத்தித் துணியில் தைத்தது. விரல் நுனியெல்லாம் களிம்பு ஊறி மஞ்சளித்துப்போய், மணிக்கட்டு எலாஸ்டிக் தொளதொளத்துப்போய், சும்மா கொடுத்தால்கூட யாரும் தொடமாட்டார்கள். அவன் மனைவி தூங்கும்போது போட்டுக்கொள்வது. போடாமல் படுத்தால் தூக்கத்திலேயே சொறிந்துவிடுவாள், விடியும்போது விரிப்பெல்லாம் ரத்தப் பொட்டு. கல்யாணமான மறுவாரத்திலிருந்து அந்தக் கையுறையைக் காலையில் கசக்கிக் காயப்போடுவது அவன் வேலை. யாரும் அவனிடம் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. அவள் விரல்களில் வெடிப்பு இருந்தது, சோப்புத் தண்ணீர் பட்டால் எரியும் என்றாள். அவன் எடுத்தான். அப்படியே அது அவன் வேலையாகிவிட்டது.

அவள் இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. இனி அந்தக் கையுறையால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. கிடைத்தால் என்ன செய்வாய் என்று யாராவது கேட்டால் முழிப்பான். ஆனாலும் வீட்டுக்குள் இருந்த பொருள் எங்கே போகும்? கால் முளைத்து நடந்தா போகும்? இதற்கு ஒரு பதில் தெரியாமல் அவனால் ஒரு நாளைத் தொடங்க முடியவில்லை. பதில் கிடைக்காமலேயே நாள்கள் தொடங்கிக்கொண்டிருந்தன.

பெரிய கட்டடங்களில் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிப்பது அவன் தொழில். கூரையில் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் டிடெக்டர்களைக் கழற்றி, துடைத்து, புகை காட்டிப் பார்த்து, மறுபடி மாட்டுவது. மாமியார் வீட்டில் அவனுக்கு ‘அலாரம்’ என்று பெயர். வைத்தவள் மனைவியின் தங்கை. அந்த வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். சின்னவள் பட்டப்பெயர் வைக்காமல் விட்ட ஆள் அவர்கள் சொந்தத்தில் கிடையாது.

அன்று ஒரு அலுவலகத்தின் நான்காம் மாடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது சின்னவள் போன் செய்தாள்.

“மாமா, எங்க இருக்கீங்க?”

“ஏணி மேல.”

“இறங்குங்க. பேசணும்.”

“சொல்லு.”

“இறங்குங்கன்னா. தலையில ஒண்ணு தூக்கிப் போடப்போறேன், விழுந்து வைக்காதீங்க.”

இறங்கினான்.

“நாளைக்குச் சாயங்காலம் தோல் டாக்டரைப் பார்க்கப் போறேன். நீங்களும் வரணும். அக்காவுக்கு அன்னிக்கு என்ன ஆச்சுன்னு உங்க வாயால கேக்கணுமாம்.”

“ரிப்போர்ட்ல எல்லாம் இருக்கே.”

“ரிப்போர்ட் பேசுமா? உங்களைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அங்க உங்களைத் தவிர வேற யாரு மாமா இருந்தா?”

அவன் சரி என்றான். மறுபடி ஏறினான். எந்த டிடெக்டரைத் துடைத்தோம், எதைத் துடைக்கவில்லை என்று மறந்துபோயிருந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தான்.

மனைவி இறந்த அன்று நடந்தது இவ்வளவுதான். காலை நேரம். அவள் குளியலறை வாசலில் விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், “கடைசியா என்ன சொன்னாங்க? ஏதாவது தொந்தரவு சொன்னாங்களா?” என்று கேட்டார். “அரிக்குதுன்னு சொன்னா” என்றான். மருந்து ஏதாவது எடுக்கிறாளா என்று கேட்டார். எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறாள், கடைசி ஊசி நேற்றுத்தான் என்றான். டாக்டரின் முகம் மாறியது. “ஊசி ஒத்துக்காம போயிருக்குமோ” என்று நர்ஸிடம் சொன்னார். மாமியார் பக்கத்தில் நின்றிருந்தாள்.

ஸ்கேன் எடுத்தபோது மூளையில் ரத்தக்குழாய் ஒன்று வெடித்திருந்தது. பிறவியிலேயே மெலிந்த குழாய், என்றைக்கு வேண்டுமானாலும் வெடித்திருக்கலாம், ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பெரிய டாக்டர் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். மாமியார் காதில் அது ஏறவில்லை. முதலில் விழுந்த பேச்சுதான் வேர் பிடித்தது. ஊசி போட்டாள், மறுநாள் அரித்தது, போய்விட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

சின்னவளுக்கும் அக்காவுக்கு இருந்த அதே எக்ஸிமா. அவளுக்கும் அதே ஊசி தொடங்குவதாக இருந்தது. மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். “ஒண்ணைப் பறிகொடுத்தது போதும்.”

*

கிளினிக்கில் கூட்டம் இருந்தது. சின்னவள் கழுத்து வரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டையில் வந்திருந்தாள். கண்ணிமை தடித்து, ஓரத்தில் செதிள் செதிளாக இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சொறியாமல் இருக்க அக்காவும் அப்படித்தான் உட்காருவாள். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

“படிப்பை விட்டுடச் சொல்றாங்க மாமா,” என்றாள். பல் டாக்டருக்கு உதவியாளராக இருப்பதற்கான படிப்பு. “ஒவ்வொரு பேஷன்டுக்கும் கை கழுவணும், ரப்பர் உறை போடணும். உறைக்குள்ள வேர்த்து, கழட்டும்போது தோலும் சேர்ந்து வருது. அடுத்த டெர்முக்குள்ள கை ஆறலைன்னா சேர்த்துக்க மாட்டாங்களாம். நியாயம்தானே. இந்தக் கையை என் வாயிலயே நான் விடமாட்டேன்.”

“ம்.”

“அக்காவோட துணி உறை இருக்குல்ல, அதைக் குடுங்க. ரப்பருக்கு உள்ள போட்டுப் பார்க்கறேன்.”

“அத்தைகிட்டக் கேளேன். தச்சுக் குடுப்பாங்களே.”

“அம்மா மெஷின்ல வேற எல்லாம் தைக்கிறா. உறைன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிடறா. நீங்க குடுங்க.”

“காணோம்.”

“காணோம்னா?”

“தேடறேன். கிடைக்கலை.”

“எப்ப தேடினீங்க?”

“தினமும்.”

சின்னவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “மாமா, நீங்க ஒழுங்காச் சாப்பிடறீங்களா?”

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

தோல் டாக்டர் நடுவயதுப் பெண். மூக்கு நுனியில் கண்ணாடி. சின்னவளின் கையைத் திருப்பிப் பார்த்து, முழங்கை மடிப்பைப் பார்த்து, உச்சுக்கொட்டினார்.

“அரிப்பு மாத்திரை போட்டும் நிக்கலையே டாக்டர்,” என்றாள் சின்னவள். “தூக்கம்தான் வருது. தூங்கிக்கிட்டே சொறியறேன்.”

“அந்த மாத்திரை வேற அரிப்புக்கும்மா. கொசு கடிச்சா, ஒத்துக்காததைச் சாப்பிட்டா வருமே, அதுக்கு. அங்க ஹிஸ்டமின்னு ஒரு ரசாயனம் சுரக்கும், மாத்திரை அதைத் தடுக்கும். உன் அரிப்புல ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு இல்லை.”

“பின்ன யாரு பண்றா?”

“உன் ஆளுங்களேதான். உன் தோலோட மேல்சுவர் ஓட்டை. சோப்பு, தூசி, கிருமி எல்லாம் சுலபமா உள்ள வருது. தோல் செல்லு ஐயோன்னு கத்துது. அந்தக் கத்தலைக் கேட்டு நோய் எதிர்ப்புச் செல்கள் கும்பலா வந்து இறங்குது. வந்ததுங்க சும்மா இருக்குமா? செய்தி மேல செய்தியா அனுப்புது. அந்தச் செய்திக்கு இன்டர்லூகின்னு பேரு. நம்பர் போட்டு வச்சிருக்காங்க. நாலு, பதிமூணு, முப்பத்தொண்ணு...”

“பஸ் மாதிரி.”

“பஸ்ஸுன்னே வச்சுக்கோ. இந்த முப்பத்தொண்ணு இருக்கே, அது நேரா நரம்பு நுனிக்கே போகும். அங்க அதுக்குன்னே ஒரு ஸ்டாப் இருக்கு. போய் நின்னதும் நரம்பு மூளைக்குச் சொல்லிடும், அரிக்குதுன்னு. நாலும் பதிமூணும் வேற ரகம். அதுங்க நரம்பை உசுப்பி விட்டுடும். சாதாரணமாக் கண்டுக்காத விஷயத்துக்கெல்லாம் நரம்பு குதிக்கும். துணி உரசினா அரிக்கும். வேர்த்தா அரிக்கும்.”

“அரிக்குதுன்னு யாராவது சொன்னாலே அரிக்கும்.”

“அதுவும்தான். நீ சொறிவே. சுவர் இன்னும் உடையும். மறுபடி கத்தல், மறுபடி கும்பல், மறுபடி பஸ்.”

அவன் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தான். அவனுக்கு எந்த வியாதியும் இல்லை. கையை எடுத்துக்கொண்டான்.

“எங்க வேலையிலயும் இப்படி உண்டு,” என்றான். பேசியாக வேண்டும் போல் இருந்தது. “டிடெக்டருக்குள்ள தூசி அடைஞ்சா நெருப்பு இல்லாமலே மணி அடிக்கும். துடைச்சா சரியாயிடும்.”

“இது துடைச்சா போகாதுங்க. இங்க கருவியே முறுக்கிக்கிட்டு நிக்குது. நெருப்பு இல்லைன்னும் சொல்ல முடியாது, தோல் நிஜமாவே வெந்துதான் இருக்கு. மணி அடிக்குது, அந்த மணியே நெருப்பை மூட்டுது. அப்படி ஒரு மணி உங்ககிட்ட இருக்கா?”

“இல்லை.”

“இருந்தா வேலை போயிடும்,” என்றாள் சின்னவள்.

“ஊசி என்ன செய்யும்னா,” என்றார் டாக்டர், “நாலும் பதிமூணும் வந்து நிக்கிற ஸ்டாப்பை அடைச்சிடும். செய்தி வரும், வாங்கிக்க ஆள் இருக்காது. கும்பல் மெல்லக் கலையும். நரம்பு அடங்கும். ஒரே நாள்ல இல்லை, வாரக்கணக்காகும்.”

பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

“உங்க மனைவி என்கிட்டதான் பார்த்தாங்க. ரத்தக்குழாய்தான் காரணம், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா ஊசி போட்ட மறுநாள் அரிச்சுதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. இவ கூடப்பிறந்தவ. அதை நான் காதுல வாங்காத மாதிரி இருக்க முடியாது. மருந்து ஒத்துக்காம வர்ற அரிப்பு திடீர்னு வரும். தடிப்புத் தடிப்பாக் கிளம்பும், மூச்சு இறுக்கும். அன்னிக்கு வந்தது அதுவா, இல்லை பழைய அரிப்பா? முந்தின வாரமெல்லாம் எப்படி இருந்தாங்க? எங்க அரிக்குதுன்னு சொன்னாங்க?”

முழங்கை மடிப்பில் என்று சொல்ல வாயெடுத்தான். அது எந்தக் காலை? முழங்கை மடிப்பு என்றால் எல்லாக் காலையும்தான். கழுத்து என்றாலும் அப்படித்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து காலைச் சொறிவது தெரிந்தது. நின்றபடி முதுகைக் கதவு நிலையில் தேய்ப்பது தெரிந்தது. சீப்பின் பின்பக்கத்தால் தோளை இழுத்துக்கொள்வது தெரிந்தது. எல்லாவற்றிலும் அவள் அரிக்குது என்றாள். எதில் அவள் அதற்கு அப்புறம் விழுந்தாள்? எதிலும் விழவில்லை. அன்றைய காலை மட்டும் அந்த அடுக்கில் இல்லை. உருவி எடுத்த மாதிரி இருந்தது.

“தெரியலை,” என்றான்.

“எங்க அரிச்சுதுன்னு தெரியலையா, அரிச்சுதான்னே தெரியலையா?”

“ரெண்டும்.”

“மாமா!” என்றாள் சின்னவள்.

“இரும்மா,” என்றார் டாக்டர். “யோசிச்சுச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியும்னு மட்டும் சொல்லாதீங்க. அப்புறம் இவங்க அம்மா சம்மதம் வேணும். வீட்டுல ஊசி போடறப்ப பக்கத்துல இருக்கப் போறவங்க அவங்கதான். பயந்துக்கிட்டே போடற வீட்டுல எந்த மருந்தும் ரெண்டு மாசம் தாண்டாது.”

வெளியே படிக்கட்டில் சின்னவள் அவன் முன்னால் வந்து நின்றாள்.

“அரிக்குதுன்னுதான் சொன்னான்னு ஆஸ்பத்திரியில அடிச்சுச் சொன்னது யாரு? அம்மாவுக்கும் சொன்னது யாரு? இப்ப வந்து தெரியலைங்கறீங்க!”

“கேட்டாங்க. வாயில வந்துடுச்சு.”

“வாயில வந்துடுச்சா? அது என்ன, கொட்டாவியா?”

“எங்க வீட்டுல யாரு எப்பக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான். ஏன் தூங்கலை? அரிக்குது. ஏன் சாப்பிடலை? அரிக்குது. ஏன் கோவமா இருக்கே? அரிக்குது. படத்துக்குப் போலாமா? அரிக்குது.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகவே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

“அம்மா என்னை என்ன கேக்கறா தெரியுமா? டாக்டரைப் பத்தி இல்லை. ஊசியைப் பத்தி இல்லை. ‘போகும்போதுகூட அரிப்போடயா போனா எம்பொண்ணு?’ அதைத்தான் கேக்கறா. நான் சொறியறதைப் பார்க்கும்போதெல்லாம் கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?”

அவனுக்கு அது தோன்றவே இல்லை. மாமியாருக்கு ஊசி மேல்தான் கோபம் என்று நினைத்திருந்தான். பஸ்ஸில் திரும்பும்போது எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

*

மறுநாள் காலை பாலை அடுப்பில் வைத்தான். பல் துலக்கினான். பால்கனிக்குப் போனான். கொடியில் இரண்டு கவ்விகள். ஏனோ அன்று உடனே உள்ளே வரவில்லை. ஒரு கவ்வியைக் கழற்றி விரலில் மாட்டினான். லேசாக வலித்தது. கழற்றி மறுபடி மாட்டினான். அரிப்பை விட வலி தேவலை என்று அவள் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. அது எப்போது சொன்னது? அதுவும் தெரியவில்லை. சட்டென்று தீய்ந்த வாசனை வந்தது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துணியை எடுத்துத் துடைத்தான். புதுப் பாலுக்கு அடியில் ஒரு பழைய கறை இருந்தது. பர்னரைச் சுற்றி வளையமாக, கறுத்து, இறுகிப்போன கறை. இது எப்போது வந்தது? பாலைப் பொங்க விடுகிற ஆள் அல்ல அவன். எப்படியும் ஓடிவந்துவிடுவான். அலாரம் இருக்கிற வீட்டில் பால் பொங்காது என்று அவள் கேலி செய்வாள். நகத்தால் சுரண்டினான். வரவில்லை. இன்னும் அழுத்திச் சுரண்டினான்.

ஒரு தரம் பொங்கியிருக்கிறது. அப்போது அவன் அடுப்பருகே இல்லை. பால்கனியில் கொடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கையுறை கட்டிலோரத்தில் இல்லை, கொடியிலும் இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ கூப்பிட்டார்கள். யாரோ என்ன யாரோ, அவள்தான்.

குளியலறை வாசலில் நின்றாள். வாயில் ரப்பர் பேண்ட். இரண்டு கையையும் தூக்கி முடியை அள்ளிப் பிடித்திருந்தாள். நைட்டியின் கை தோள் வரை சரிந்திருந்தது. முழங்கை மடிப்பு தோல் நிறத்தில் இருந்தது. அவ்வளவுதான், வெறும் தோல் நிறம். அவன் அதைப் பார்த்தான், பார்த்ததாக மனதில் வாங்கவில்லை. ரப்பர் பேண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள் ஒன்று சொன்னாள். கையுறையைத் தூக்கி எறிந்துவிட்டாள் என்பதுதான் விஷயம். அவனுக்குச் சுருக்கென்றது. இத்தனை காலம் கசக்கிக் காயப்போட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நினைத்தான். பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போனான். அடுப்பை அணைத்தான். துணியைத் தேடினான். அப்போதுதான் அந்தச் சத்தம்.

அவன் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இது நடந்ததா, இல்லை நேற்று சின்னவள் கேட்டதால் மனது கட்டிய கதையா? நேற்றுத்தான் அவள் உறையைக் கேட்டாள். மனதுக்கு இதெல்லாம் பெரிய காரியமா? இல்லாததை இருக்கிறது என்று நரம்பே சொல்கிறது. நம்பலாமா, கூடாதா என்று மாறி மாறி வந்தது. அரிக்குது என்பதை அவள் எந்தக் காலையிலும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பொருளை ஒரு முறைதான் தூக்கி எறிய முடியும்.

படுக்கையறைக்குள் போனான். இந்த முறை குனியவில்லை. கட்டில் அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அவள் பக்கத்துத் தலையணையில் குழி. விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து உருவினான். பார்க்காமல் மடித்து ஒரு பையில் திணித்தான். பார்க்க அவனுக்குத் தெரியாது. பார்க்கத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள்.

*

மாமியார் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க மாப்பிள்ளை. வேலை இல்லையா?”

“இருக்கு. லீவு சொல்லலை. வந்துட்டேன்.”

“காப்பி குடிச்சீங்களா?”

“பால் பொங்கிடுச்சு.”

சின்னவள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வந்து கதவோரம் நின்றாள்.

“அத்தை, நான் ஆஸ்பத்திரியில சொன்னது தப்பு. அவ அரிக்குதுன்னு சொல்லலை.”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓரம் முடியும் வரை ஓட்டிவிட்டு நிறுத்தினாள். “பின்ன என்ன சொன்னா?”

“கையுறையைக் குப்பையில போட்டுட்டதாச் சொன்னா.”

“எந்தக் கையுறை? நான் தச்சதா?”

“ஆமா.”

“நான் தச்சதைக் குப்பையில போட்டாளா?” மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அவ தவழும்போதிருந்து தைக்கிறேன். கட்டைவிரல் அளவு உறையிலிருந்து தைக்கிறேன். அதைப் போயா?” பிறகு அவள் முகம் மாறியது. “நேத்து ரெண்டு பேரும் டாக்டர்கிட்டப் போனீங்க. இன்னிக்கு வந்து புதுக்கதை சொல்றீங்க. இவளுக்கு ஊசி போடணும், அதுக்கு நான் தலையாட்டணும். கூடிப் பேசி வச்சுக்கிட்டுத்தானே வர்றீங்க?”

“அம்மா, சத்தியமா நான் ஒண்ணும் பேசலை. நேத்துத் தெரியலைன்னு சொன்ன மனுஷன் இவரு. நானே இவர் மேல கொலவெறியில இருக்கேன்.”

“அப்ப நேத்துத் தெரியாதது இன்னிக்கு எப்படித் தெரிஞ்சுது?”

பால் கறை என்று சொன்னால் சிரிப்பார்கள். பையிலிருந்து விரிப்பை எடுத்து மெஷின் மேல் வைத்தான்.

“அவ போறதுக்கு முந்தின ராத்திரி விரிச்சிருந்தது. நான் மாத்தலை. துவைக்கலை.”

மாமியார் அதைத் தொடாமல் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். இரண்டு பெண்களின் விரிப்புகளையும் காலையில் பார்த்துப் பார்த்து வளர்த்தவள். எந்த இடத்தில் பொட்டு, எவ்வளவு பெரிய பொட்டு என்று பார்த்தாலே ராத்திரி எப்படிப் போனது என்று தெரியும் அவளுக்கு. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதைக்கூட அதை வைத்துத்தான் முடிவு செய்வாள். தலைமாட்டுப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்து படும் இடம். பிறகு கை படும் இடம். விரலால் தடவிப் பார்த்தாள். கால்மாட்டுக்கு வந்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி தலைமாட்டிலிருந்து தொடங்கினாள். களிம்புக் கறை ஒன்றிரண்டு, சலவையில் போகாத பழசு. வேறு எதுவும் இல்லை.

“உறை போடாமயா படுத்தா?”

“முந்தின நாளே தூக்கிப் போட்டிருக்கணும். அதான் நான் காலையில தேடினேன்.”

“உறையும் போடலை. ஒரு பொட்டும் இல்லை.” யாரிடமோ ஒப்பிப்பது போலச் சொன்னாள். “பொறந்ததிலிருந்து இப்படி ஒரு விரிப்பு நான் பார்த்ததில்லை.”

சின்னவள் தன்னை அறியாமல் கழுத்தைச் சொறிந்தாள். மாமியார் திரும்பிப் பார்த்தாள். அரிக்குதா என்று கேட்கவில்லை. கிட்டே வந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“டாக்டர் எத்தனை மணிக்கு வருவாங்க?”

“எந்த டாக்டர்?” என்றாள் சின்னவள்.

“பல் டாக்டரையா கேக்கறேன்? உன் தோல் டாக்டரைத்தான்.”

“சாயங்காலம்.”

“சரி.” விரிப்பை மடிக்கத் தொடங்கினாள். முனையோடு முனை சேர்த்து, சுருக்கம் நீவி, மடித்தாள். மடித்ததை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க அத்தை.”

“போட்டுட்டதாச் சொன்னான்னீங்க. அப்படியா சொன்னா? அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லுங்க.”

அவன் தரையைப் பார்த்தான். அம்மா வீட்டில் இருக்கும் வரை மனைவி அவனை வாங்க போங்க என்றுதான் பேசுவாள். வாசல் தாண்டிய பிறகு வேறு மாதிரி.

“வேண்டாம் அத்தை. மரியாதையா இருக்காது.”

“எம்பொண்ணோட மரியாதை எனக்குத் தெரியாதா? சொல்லுங்க.”

சின்னவள் கதவோரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “சொல்லுங்க மாமா.”

அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். சரியாக வருமா என்று தெரியவில்லை. வாயைத் திறந்தபோது வந்தது.

“டேய் அலாரம், அங்க என்னத்தைத் தேடிக்கிட்டு நிக்கறே? உறை ரெண்டையும் குப்பையில போட்டாச்சு. போ, போய்ப் பாலைப் பாரு, பொங்குது.”